சென்னை – புதுச்சேரி நடை: கடைசிக் காலப் பராமரிப்புக்கு நிதி திரட்ட

திருவான்மியூர்க்காரன்:

வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியில், திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி வரை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக நடப்பது என்று நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். தூரம் 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவசரப்படாமல் போனால் ஒரு வாரம். ஆளாளுக்குத் தெரிந்தவர்களிடம் பணம் கேட்டு, சேர்வது முழுவதையும் பாலியேட்டிவ் கேர், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்வது, அதைச் செய்கிற இடங்களுக்குக் கொடுப்பதாக எண்ணம்.

"இனிமே இங்க செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு ஒரு குடும்பம் எங்கே போகும்? இவ்வளவு பெரிய ஊரில் அதற்குப் பதிலாக இருக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு. மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா, முற்றிய நிலையில் இருக்கும் புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் வைத்துப் பார்க்கிறது. கீழ்ப்பாக்கத்தில் டீன் அறக்கட்டளை 1998லிருந்து இந்த வேலையில் இருக்கிறது, வீட்டுக்கே போயும் பார்க்கிறார்கள். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை என்றால், மாதா மாதம் அந்தச் செலவை வெளியே இருந்து யாரோ ஏற்றாக வேண்டும்.

என் அப்பாவைக் கடைசியில் பார்த்துக்கொண்டது இப்படி வீடு தேடி வந்த ஒரு குழுதான். வலி அடங்கி ராத்திரி தூங்கினார். பேரனைக் கூப்பிட்டு ஸ்கோர் கேட்டார். புற்றுநோய் வார்டில் அவர் கத்தியதைக் கேட்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

எந்தச் செலவுக்கு என்று சொல்லிப் பணம் கேட்பது? வழியில் எங்கே தங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம்72:

நல்ல எண்ணம்தான் தம்பி. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். டி-ஷர்ட், பேனர், பின்னால் வர ஒரு வேன், ராத்திரி தங்க ரூம், சாப்பாடு என்று ஆளுக்குச் சில ஆயிரம் ஆகிவிடும். அந்தப் பணத்தை நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? நடந்தால்தான் கொடுப்பேன் என்கிறவர் எப்படிப்பட்ட கொடையாளி?

இன்னொன்று, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லிருந்து இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அதில் சேர்த்தி. அரசு செய்கிற வேலைக்கு நாம் எதற்கு உண்டியல் குலுக்க வேண்டும்?

காவிநடை:

72 சார், ஆகஸ்ட் கடைசியில் ஈசிஆர் பக்கம் போய்ப் பாருங்கள். காவி உடுத்திக்கொண்டு சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு எத்தனை குடும்பங்கள் நடக்கின்றன! 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களையும் எல்லாருக்கும் தெரியும். பஸ் டிக்கெட் காசை உண்டியலில் போட்டுவிட்டு வீட்டில் இரு என்று அவர்களிடம் நாம் சொல்வதில்லை.

வருஷா வருஷம் நடக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். ரோட்டில் மூட்டையோடு நடந்தால் டீக்கடையில் முதல் கேள்வி "எங்க போறீங்க?", அடுத்தது "என்ன வேண்டுதல்?" நீங்கள் போகும்போதும் அதே ரெண்டு கேள்விதான் வரும். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே கிராமங்களில் வாய்க்குள் கட்டியோடு வலியில் கிடக்கிற ஆளுக்கு மாத்திரை இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது. அந்த வீட்டு வாசலுக்கு விளம்பரம் போகாது, நடந்து போகிறவன் போவான்.

வீட்டுவழிச்செவிலி:

வணக்கம். நான் பாலியேட்டிவ் ஹோம் கேரில் நர்ஸாக வேலை செய்கிறேன், வட சென்னைப் பக்கம். எங்கே என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். எந்தச் செலவுக்குக் கேட்பது என்று தம்பி கேட்டதற்கு மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

மார்பின் மாத்திரைக்கு என்று கேட்காதீர்கள். கடும் வலியை அடக்கும் அது விலை குறைந்த மருந்து. அதைக் கொடுக்கத் தெரிந்த, கொடுக்க அனுமதி உள்ள இடங்கள்தான் குறைவு. 1985ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மார்பின் வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. 2014ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் வாங்கிய மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். பயம் மட்டும் இன்னும் போகவில்லை. "இது போட்டா பழகிடும்னு சொல்றாங்களேம்மா" என்று கேட்காத வீடு இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி திரும்புவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு ஊசிக்காக நோயாளி கெஞ்சக் கூடாது என்பதை உலகத்துக்குச் செய்து காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ், 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியவர். அவரும் முதலில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர்தான். எனக்கு அதில் பெருமை உண்டு.

செலவு எங்கே என்றால் ஆள் சம்பளம், வண்டி, பெட்ரோல். ஒரு நர்ஸும் ஒரு டிரைவரும் ஒரு நாளில் சில வீடுகளைத்தான் பார்க்க முடியும். ஒரு வீட்டில் யூரின் டியூப் மாற்ற வேண்டும், இன்னொரு வீட்டில் மூக்கு வழியாகப் போட்ட டியூபில் கஞ்சி எப்படி ஊற்றுவது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அடுத்த வீட்டில் முதுகுப் புண்.

ஒன்று சொல்கிறேன். மார்பில் புண் வெடித்து நாற்றம் வந்துவிட்ட ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரே அறை வீடு. பிள்ளைகள் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, நாற்றத்தைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை ரெண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்து, மேலே தூவி, துணி வைத்துக் கட்டினேன். தினமும் எப்படிச் செய்வது என்று மூத்த பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அந்தப் பிள்ளைகள் அம்மா கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மருந்து விலை என்று பார்த்தால் ரொம்பச் சொற்பம். என்னை அந்த வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் செலவு.

கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கிடைத்துவிடும், கல்லில் பெயர் வரும். சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் பெரியவர்களுக்கான டயாப்பருக்கும் யாரும் பெயர்ப் பலகை வைக்க முடியாது. அதனால் அதற்குக் கேளுங்கள்.

72 சார், அரசுத் திட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது என்றால் சாதாரண விஷயமா? எங்கள் நோயாளிகள் பலரும் இரண்டு பக்கத்திலும் உதவி வாங்குகிறார்கள். கடைசி வாரங்களில் நிலைமை வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு இழுக்கும்போது போனை எடுத்து, "பயப்படாதீங்க, தலையைக் கொஞ்சம் தூக்கி வைங்க, அந்த மருந்தில் இவ்வளவு கொடுங்க" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கும் சம்பளம் வேண்டும்.

மாடவீதி:

நர்ஸம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். வாடகை வீடு என்றால்?

என் வீட்டுக்காரருக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அழைத்துக்கொண்டு வந்த மறுநாளே வீட்டுச் சொந்தக்காரர் மாடிக்கு வந்தார். நல்ல மனுஷர்தான், கோபமாகக்கூடப் பேசவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா, வீட்ல ஒண்ணு ஆயிட்டா அப்புறம் யாரும் குடி வர மாட்டாங்க" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஃப்ளாட்டில் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகாது என்று இன்னொரு கவலை. கடைசியில் ஒரு ஹாஸ்பிஸில், கடைசிக் கால நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் இல்லத்தில், கட்டில் கிடைத்தது. பக்கத்திலேயே நான் இருக்க விட்டார்கள். இஷ்டப்பட்டதைச் சாப்பிடக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு டீஸ்பூன் ரசம், அவ்வளவுதான் இறங்கியது. அதையும் ருசித்துத்தான் குடித்தார்.

சொந்த வீடு இருப்பவர்களுக்கு ஹோம் கேர் போதும். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கும் கட்டில் வேண்டும். அதையும் மறந்துவிடாதீர்கள் தம்பி. என்னால் நடக்க முடியாது. என் பங்கு உண்டு.

வீட்டுவழிச்செவிலி:

அம்மா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் வண்டியில் பெயர் எழுத வேண்டாம், தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள் என்று எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்தான்.

தாம்பரம்72:

மாடவீதி அம்மா, மனது கனத்துவிட்டது. அரசு இருக்கும்போது நாம் எதற்கு என்று கேட்டதை விட்டுவிடுகிறேன். செலவைப் பற்றிச் சொன்னதை விடவில்லை. நடக்கிறவர்களின் சாப்பாடு, தங்கல், சட்டை எல்லாம் அவரவர் கைக்காசு. நன்கொடையில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது. இதை முதல் அறிவிப்பிலேயே எழுதுங்கள். அப்படி எழுதினால் என் ஆபீஸில் நானே வசூல் பண்ணித் தருகிறேன்.

புக்கித்பாத்தோக்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் புளோக்கில் நாலைந்து சென்னைக் குடும்பங்கள் இருக்கிறோம், எல்லாரும் கொடுக்கத் தயார். சிலர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட், சிலர் இங்கே குடியுரிமை வாங்கிவிட்டோம். உங்கள் யாராவது ஒருவர் ஜிபேக்கு அனுப்பிவிட்டால் போதுமா?

கணக்குவழக்கு:

புக்கித்பாத்தோக் அண்ணே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறவன் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்) தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டவர் கணக்குத்தான். அவர் பணத்தை வாங்க அந்த நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். இதில் பிசகினால் நோயாளிகளைப் பார்க்க வேண்டிய டிரஸ்ட் வருஷக்கணக்கில் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். அதனால் எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப் போகிறோமோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். எஃப்சிஆர்ஏ இல்லாத இடம் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் மட்டும் கொடுங்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு: யாருடைய சொந்தக் கணக்கிலும் பணம் சேர்க்காதீர்கள், எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் சரி. கொடுப்பவர் நேராக டிரஸ்ட் கணக்குக்கே அனுப்பி, பான் எண் கொடுத்து ரசீது வாங்கட்டும். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை வேண்டும் என்றால் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. புது வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையவே கிடையாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு "சலுகை உண்டுன்னு சொன்னீங்களே" என்று வருவார்கள்.

நிதி திரட்டும் வலைத்தளங்களைப் பயன்படுத்தினால் கடைசிப் பக்கத்தைக் கவனியுங்கள். டிப் என்று ஒரு தொகையை அவர்களே சேர்த்து வைத்திருப்பார்கள், அது டிரஸ்டுக்குப் போகாது.

எழும்பூர்ரயில்:

ஒரு யோசனை. பேனரில் நோயாளிகள் படம் போட்டால் மக்கள் உடனே கொடுப்பார்கள். முன்பு ஒரு வசூலில் பார்த்திருக்கிறேன்.

மாடவீதி:

வேண்டாம். அந்தக் கடைசி மாதத்தில் எடுத்த போட்டோ ஒன்றுகூட என் வீட்டில் மாட்டவில்லை. அவர் மதுரைக்கு மாற்றலாகிப் போனபோது எடுத்ததுதான் சுவரில் இருக்கிறது. கட்டிலில் கிடக்கிறவர் சரி என்று தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது. உங்கள் தயவில் இருக்கிறவர் எப்படி மாட்டேன் என்பார்?

எழும்பூர்ரயில்:

சரிங்கம்மா. படம் வேண்டாம்.

காவிநடை:

இப்போது ரோடு. திருவான்மியூரிலிருந்து அக்கரை வரைக்கும்தான் கஷ்டம், கடை, பார்க்கிங், பஸ். அதை விடியற்காலை நாலு மணிக்கே தாண்டிவிடுங்கள். உத்தண்டி சுங்கச்சாவடிக்கு அப்புறம் ஓரம் கொஞ்சம் தாராளம். முட்டுக்காடு பாலத்தில் காற்று அடிக்கும், கொடி பேனர் எல்லாம் சுருட்டிக்கொள்ளுங்கள். கோவளத்தில் முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள். ஆசையில் மாமல்லபுரம் வரைக்கும் இழுத்தால் மறுநாள் யாரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே நாலு வழி ஆக்குகிற வேலை நடக்கிற இடம் இருந்தால் ஜல்லி கொட்டியிருக்கும். கல்பாக்கம் தாண்டி வயலூர் பாலாற்றுப் பாலம் நீளம், நிழலே கிடையாது. அப்புறம் கூவத்தூர், கடப்பாக்கம். மரக்காணம் நெருங்கும்போது ரெண்டு பக்கமும் உப்பளம். வெயில் மேலேயும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். ஜனவரி என்றாலும் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் அங்கே நடக்கக் கூடாது. சாயங்காலம் நாலுக்கு மேல் தொடருங்கள்.

போகும்போது சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் ஜாக்கெட் இல்லாமல் ஒருத்தரும் இறங்கக் கூடாது.

கால் விஷயத்தில் ஒரே விதி. குதிகாலில் லேசாகச் சுருக்கென்றதும் நின்றுவிடுங்கள். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று போகாதீர்கள். ஷூவைக் கழற்றி, சாக்ஸை உதறி மணலைத் தட்டி, காலைத் துடைத்துக் காயவிட்டு, சிவந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் மேல் தோலை உரிக்கவே கூடாது. நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் ஷூ ஒரு சைஸ் பெரிதாக, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல் நடுநடுவே ஓஆர்எஸ், இல்லையென்றால் உப்புப் போட்ட மோர்.

வியாசர்பாடிவிசை:

கல்லூரியில் படிக்கிறேன், நானும் வருகிறேன் அண்ணா. கனடாவில் 1980ல் டெர்ரி ஃபாக்ஸ் புற்றுநோயால் ஒரு காலை இழந்த பிறகு செயற்கைக் காலோடு நாட்டுக்குக் குறுக்கே ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று, அடுத்த வருஷம் இறந்துபோனார். அவர் கேட்டது பெரிய தொகை இல்லை, கனடாவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர்.

நம் பக்கத்திலேயே கோழிக்கோட்டில் 1993ல் சின்ன கிளினிக்காகத் தொடங்கியதுதான் கேரளம் முழுக்கப் பரவி, 2008ல் அரசே அதற்குக் கொள்கை கொண்டுவந்தது. அங்கேயும் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் கொடுத்த சில்லறைதான் அடித்தளம். அதனால் ஒரு தடவை 5000 கொடுங்கள் என்று கேட்பதைவிட மாதம் 100 ரூபாய், ஒரு வருஷத்துக்கு என்று கேட்டால் என்ன? நர்ஸ் அக்கா சொன்ன சம்பளமும் பெட்ரோலும் மாதா மாதம்தானே வருகிறது.

வீட்டுவழிச்செவிலி:

தம்பி, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் இருந்தேன். அடுத்த மாதம் இவ்வளவு நிச்சயமாக வரும் என்று தெரிந்தால்தான் இன்னொரு நர்ஸை வேலைக்கு எடுக்க முடியும். மொத்தமாக ஒரு தொகை வந்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பி ஒரு பெண்ணை வேறு வேலையை விட்டு வரச் சொல்ல முடியாது.

தாம்பரம்72:

1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். அப்படியும் ஊர் ஊராகச் சோறு வந்தது. தங்க ரூம் போட வேண்டாம். வழியில் இருக்கிற ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போதே எதற்காக நடக்கிறோம் என்று சொல்லியாகிவிடுமே.

திருவான்மியூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இதுவரை முடிவானது இது. கேட்பது மாதம் 100 ரூபாய், ஒரு வருஷத்துக்கு, பணம் நேராக டிரஸ்ட் கணக்குக்கு. நடப்பவர்கள் செலவு அவரவர் கையிலிருந்து. நோயாளி படம் கிடையாது. ஹோம் கேருக்கும் கட்டிலுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை நாங்கள் தீர்மானிக்கப் போவதில்லை, இரண்டு வகை இடங்களின் பெயரும் இருக்கும், கொடுப்பவர் விருப்பம். எஃப்சிஆர்ஏ பற்றி இந்த வாரம் நேரில் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். புக்கித்பாத்தோக் அண்ணே, அதுவரை பொறுங்கள். வழியில் உள்ள காவல் நிலையங்களுக்கும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுவோம்.

காவிநடை அண்ணே சொன்னபடி முதல் ராத்திரி கோவளம். அங்கே இடம் பேசியாகிவிட்டது. கல்பாக்கத்திலும் ஒரு நண்பர் வீட்டு மாடி இருக்கிறது. கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம் மூன்றும் இன்னும் பாக்கி. பெண்களும் வருகிறார்கள், அதனால் கழிப்பறையும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கண்டிப்பாக வேண்டும். பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, யாருக்காவது அங்கே ஆள் தெரியுமா?

எழும்பூர்ரயில்:

மரக்காணத்தில் என் சித்தி வீடு இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம், முகூர்த்த நாள் இல்லாவிட்டால் கொடுப்பார்கள். என்ன தேதி என்று சொல்லுங்கள், இன்றைக்கே போன் போடுகிறேன்.